பொதுப்பொருளும் பொறுப்பும்

ஒரு பள்ளியின் வாயிலில் நின்று, "இஃது எவருக்கு உரியது?" என்று கேட்டுப் பாருங்கள். "இஃது அரசினர் பள்ளி, இதனைக் காக்கும் பொறுப்பு என்னுடையது" என்பார் தலைமையாசிரியர். "நாங்கள் பொருள் திரட்டி எழுப்பிய கூடம் இதில் இருக்கின்றது, ஆதலால் எங்களுக்கும் உரியது" என்பர் பெற்றோர். "நாங்கள் பயிலும் இடம், எங்களுடையதே" என்பர் மாணவர். மூன்று விடைகளும் உண்மையே. பொய்க்கும் மெய்க்கும் இடையே எழும் வழக்கைத் தீர்ப்பது எளிது. ஒரு மெய்க்கும் மற்றொரு மெய்க்கும் இடையே எழும் வழக்கைத் தீர்ப்பதே அரிது. பள்ளி நிர்வாகத்தாருக்கும் பெற்றோருக்கும் இடையே பொதுப்பொருள் பற்றி எழும் பூசல்கள் பெரும்பாலும் இத்தகையனவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சிற்றூர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளி இருப்பதாகவும், பெற்றோர் அளித்த பொருளால் அங்கே ஒரு கூடம் எழுந்ததாகவும் கொள்வோம். வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் மாலை வேளையில் அக்கூடத்தில் படிக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினர். தலைமையாசிரியரும் இசைந்தார். ஒரு திங்கள் சென்றது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தபோது மின்விசிறியின் இறக்கை வளைந்திருந்தது. இரண்டு பெஞ்சுகள் உடைந்து கிடந்தன. "யார் செய்தது?" என்ற கேள்விக்கு விடை கூறுவார் இல்லை. தலைமையாசிரியர் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். "எங்கள் பொருளால் கட்டிய கூடத்திற்கு அவர் பூட்டா?" என்று பெற்றோர் சினந்தனர், மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் விடுத்தனர், இனிப் பள்ளிக்கு ஒரு காசும் தருவதில்லை என்றும் கூறினர். தேர்வு நெருங்கிற்று. கூடம் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தனர். இரு சாராரும் "மாணவர் நலனுக்காகவே" வழக்காடினர்!

இதில் குற்றம் எவருடையது? தலைமையாசிரியரைக் கடிந்துகொள்வது எளிது. ஆயின், உடைந்த பெஞ்சுக்காக மேலிடத்தில் விடை கூற வேண்டியவர் அவரே அல்லரோ? பெற்றோர் வீணே தலையிடுகின்றனர் என்று பழிப்பதும் எளிது. ஆயின், கூலி வேலை செய்து சேர்த்த காசிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தவர், அது தம் பிள்ளைகளுக்குப் பயன்படுவதைக் காண விழைவது தவறாகுமோ? குற்றம் மனிதரிடம் இல்லை. அவர்கள் மேற்கொண்ட முறையில் இருக்கின்றது. கூடத்தைத் திறக்கும் உரிமையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள், அதனைக் காக்கும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. பொறுப்பைப் பங்கிடாமல் உரிமையை மட்டும் பங்கிட்டால் பூசலே விளையும் என்பது என் கருத்து.

பள்ளிக்குப் பொதுமக்கள் பொருள் தருவது நம் மாநிலத்தில் புதியதன்று. 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக விளங்கினார். அக்காலத்தில் கல்வித்துறைக்கு இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் கூட்டுவித்தார். ஊரார் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் தத்தம் பள்ளிகளுக்கு மனமுவந்து அளித்தனர். 1956 ஆம் ஆண்டில் தொடங்கிய பகலுணவுத் திட்டமும் ஊராரின் கொடையைத் துணையாகக் கொண்டே வளர்ந்தது. கொடுக்கும் கை பெருகியது நம் பெருமை. ஆனால், கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. கொடுத்த பொருளைக் கூடிப் பேணும் முறையும் வேண்டும்.

அத்தகைய முறையை நம் நாட்டினர் முன்னரே அறிந்திருந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியமும் அவ்வூரில் இருந்தன. குடவோலை முறையால் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அவர்களுடைய பதவி ஓராண்டுக்கே உரியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினரும் இழந்தனர். நிலமும் கல்வியும் உடைய சில ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பது அதன் குறை. ஆயினும், பொதுப்பொருளைக் கையாள்பவர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற நெறி என்றும் பழையதாவதில்லை.

அக்குறையை நீக்கி, அந்நெறியை நம் காலத்துச் சட்டம் போற்றுகின்றது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்று விதிக்கின்றது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், பள்ளிக்கு வரும் நிதி செலவாகும் வகையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகளாகும். ஆகவே, நிர்வாகத்தாரும் பெற்றோரும் எதிரெதிரே நிற்க வேண்டுவதில்லை. ஒரே மேசையைச் சுற்றி அமரலாம்.

அவ்வாறு அமர்ந்தால் நாம் கண்ட கூடத்தின் வழக்கு எவ்வாறு தீரும்? முதலில், கூடத்திற்கு வந்த பொருளும் ஆன செலவும் அனைவரும் காணுமாறு எழுதி வைக்கப்பெறும். கணக்குக் காட்டுவது தலைமையாசிரியருக்குத் தாழ்வன்று. அதுவே அவருக்குக் காப்பு. அடுத்து, மாலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கூடம் திறந்திருக்கும் என்பது வரையறுக்கப்பெறும். நாள்தோறும் பெற்றோர் ஒருவர் பெயர் குறித்துச் சாவியைப் பெறுவார். பூட்டிய பின், கூடம் இருந்த நிலையை ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். ஏதேனும் உடைந்தால் அதனைச் சீர்செய்யப் பொதுநிதி ஒன்று இருக்கும். கருத்து வேறுபாடு தோன்றினால், ஒரு வாரத்திற்குள் குழு கூடி இரு சாராரையும் கேட்டு முடிவு செய்யும். அதுவரை கூடம் பூட்டப்படாது. ஏனெனில், பெரியோர் வழக்காடும் நாட்களில் இழப்பு அடைபவர் பிள்ளைகளே.

"இவ்வளவு சிறு பொருளுக்கு இத்தனை விதிகளா?" எனச் சிலர் வினவலாம். நம்பிக்கை இருந்தால் விதி எதற்கு என்பர். விதி நம்பிக்கைக்குப் பகையன்று. வரப்பு இருப்பதனால் அண்டை நிலத்தார் பகைவராவதில்லை. வரப்பு அழிந்த இடத்திலேதான் பகை முளைக்கின்றது.

மாணவர்களே! இஃது பெரியோர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பந்தும், நூலகத்தில் ஓர் அகராதியும், முற்றத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் உரிமை உங்கள் அனைவருக்கும் உண்டு. குழாயை மூடும் பொறுப்பு எவருக்கு உண்டு என்று இன்றே உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். அதனை இளமையில் கற்றவர்கள் கையில் ஊரின் சாவியை நம்பிக் கொடுக்கலாம்.