சேவல் கூவினால் யார் குற்றம்?

2019-ல் பிரான்ஸ் நாட்டில் ஒரு சேவலால் வழக்கு நடந்தது. ஒலெரான் தீவில் இருந்த அந்தச் சேவலின் பெயர் மோரிஸ். அதிகாலையில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார். ரோஷ்ஃபோர் நகர நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள்தான் 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. 2021-ல் கிராமப்புற ஒலிகளையும் வாசனைகளையும் பாதுகாக்க அங்கே தனிச் சட்டமே வந்தது.

கேட்கச் சந்தோஷமான கதைதான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நகரத் தெருவுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்துமா? இரவு வேலை முடித்து வந்து படுப்பவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் தூக்கம் வேண்டும். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

சேவலும் வேண்டுமென்று கூவுவதில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் மாறாத அறையில் அடைத்த சேவல்களும் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை, நேரம் வந்ததும் கூவின. காரணம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம். வெளிச்சமும் மற்றச் சேவல்களின் கூவலும் அதைத் தூண்டிவிடும். இரண்டு மூன்று சேவல்கள் இருந்தால் ஒன்றைக் கேட்டு மற்றொன்று கூவும்.

அப்படியிருக்க, சிலர் அதன் கழுத்தில் பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள். இது கொடுமை. கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும், தீனி இறங்காது. ஆபரேஷன் செய்து குரலை எடுப்பது இன்னும் மோசம். பறவையின் குரல் உறுப்பு தொண்டையில் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் ஆழத்தில் இருக்கிறது.

செய்ய வேண்டியது வேறு. முதலில், சேவல் தேவையா என்று யோசிக்க வேண்டும். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும். தேவையென்றால் ஒன்று போதும். கூண்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தள்ளி வைக்கலாம். இரவில் வெளிச்சம் புகாமல் மூடி, காற்று போக மட்டும் வழி விட்டு, தெரு விழித்த பிறகு திறந்து விடலாம். கூவல் அடியோடு நிற்காது. குறையும், சத்தமும் அவ்வளவாக வெளியே போகாது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே சாக்கைப் போடுபவர்கள் காற்று போகிறதா என்று பார்ப்பது அவசியம்.

பெரும்பாலும் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. வாங்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வளரும். சிறு குஞ்சில் அது பார்த்தவுடன் தெரியாது. கூவ ஆரம்பித்து, சண்டை வந்த பிறகு அவசரமாக யார் கையிலாவது தள்ளிவிடுவதைவிட, வாங்கும்போதே தோட்டம் துரவு உள்ள ஒருவரிடம் பேசி வைப்பது நல்லது. பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, முட்டை கிடைக்கும்போது நாலு கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கூவுவது சேவலின் இயல்பு. அதை எங்கே, எப்படி வளர்ப்பது என்பது மனிதன் எடுக்கும் முடிவு. முடிவு தவறானால் அதற்கான தண்டனையைச் சேவலின் கழுத்தில் கட்டுவது நியாயமே இல்லை.