பாயிண்ட் டூ டூவை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்



நேற்று நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய என்.சி.சி. படம் வந்தது. தோளில் .303 துப்பாக்கியோடு அணிவகுத்து நிற்கிறீர்கள். கீழே, "த்ரீ நாட் த்ரீதான் சார் கெத்து, நாம சுட்ட பாயிண்ட் டூ டூ பொம்மை" என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், "என் பையனுக்கும் கேம்ப்பில் .22தானாம், ஏமாந்துட்டான்" என்கிறார். உங்கள் என்.சி.சி. வாத்தியாருக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு.

முதலில் கணக்கு. .303 குண்டின் எடை 11 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர். .22 குண்டு இரண்டரை கிராம் சொச்சம், வேகம் சுமார் 330 மீட்டர். ஆற்றலில் 20 மடங்குக்கு மேல் வித்தியாசம். மறுக்கவில்லை. சின்னக் குண்டு காற்றடித்தால் விலகும் என்பதும் உண்மைதான்.

ஆனால் .303 புகழ் பெற்றதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா அது. அவர்கள் ஆட்சி போன இடமெல்லாம் கூடவே போனது. 1887இல் வந்த .22 லாங் ரைபிளோ விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பு இல்லை என்பதற்காகவே உலகமெங்கும் பரவியது.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று. காம்ப்டியில் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் .303 சுட்டபோது என் குண்டுகள் இலக்கையே தொடவில்லை. பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் டம்மி ரவுண்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை, ஆனாலும் குழல் தானாகக் கீழே குதித்தது! உதைக்குமே என்ற பயத்தில் நானே கண்ணை மூடித் துப்பாக்கியை இழுத்திருக்கிறேன். பிறகு .22இல் மூச்சடக்கி மெதுவாக விசையை அழுத்திப் பழகித்தான் தேறினேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இந்த .22இல்தான். 50 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர். பொம்மையா அது? ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய் ஆளைக் கொல்லக்கூடியதும்கூட.

ஆகவே தம்பி, உன் பையனிடம் சொல்: பெரிய தோட்டா சுடுபவனின் தப்பைச் சத்தத்தில் மறைத்துவிடும், சின்னது காட்டிக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்ள அதுதான் நல்லது.

அன்புடன்,
உங்கள் சார்