தோள்பட்டை இறுக்கமும் நாம் வழங்கும் ஃபத்வாக்களும்



கடந்த 14 மாதங்களாகத் தக்பீரின்போது நமது இடது கை காதுவரை உயர்கிறது. வலது கை மார்போடு நின்றுவிடுகிறது. சென்ற மாதம் லுஹர் தொழுகையில் ஸலாம் கொடுத்து முடித்ததும், பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நம் தோளில் தட்டி, "ஹஜ்ரத், பிள்ளைகளுக்குத் தொழுகை சொல்லிக் கொடுக்கும் நீங்களே கையை ஒழுங்காக உயர்த்தாவிட்டால் எப்படி?" என்று கேட்டார். அவர் தட்டியது அந்த வலது தோளில்தான். பதில் சொல்ல நமக்குச் சற்று நேரம் பிடித்தது.

மதரஸாவில் கரும்பலகையின் மேற்பாதி ஓராண்டுக்கும் மேலாக வெறுமையாகவே இருக்கிறது. ஒரு நாள் மாணவன் ஒருவன், யாரும் சொல்லாமலேயே, முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்துகொண்டான். இந்த நோய் வந்த நாள்முதல் அறிவுரை ஏதும் கூறாமல் உதவியவன் அவன் ஒருவனே. மற்ற அனைவரும் தீர்ப்பு வழங்கினார்கள். "இது தானாகச் சரியாகிவிடும், பொறுமையாக இருங்கள்" என்றார் ஒருவர். "வலித்தாலும் விடாமல் முறுக்குங்கள், அப்போதுதான் விடும்" என்றார் மற்றொருவர். "ஊசி மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், அது விஷம்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒலிப்பதிவு அனுப்பினார் இன்னொருவர். "கருஞ்சீரக எண்ணெய் இருக்கும்போது மருத்துவமனைக்கு ஓடுவது ஈமானின் பலவீனம்" என்று ஒரு சொற்பொழிவாளர் பேசிய காணொளியும் வந்து சேர்ந்தது.

அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரைகள் மீது நமக்குக் கோபமில்லை. அறியாத ஒன்றில் உறுதியோடு பேசுவதையும், அந்த உறுதிக்கு மார்க்கத்தின் சாயம் பூசுவதையுமே நாம் இங்கே எதிர்க்கிறோம். அந்தக் குற்றவாளிகளின் வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம் என்பதைப் பின்னர் சொல்வோம்.

முதலில் நோயைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அது அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்கிவிடுவதே இந்நோய். கையை நாமே உயர்த்த முடிவதில்லை என்பது மட்டுமன்று; வேறொருவர் பிடித்து உயர்த்தினாலும் அது உயராது. குறிப்பாக, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவே பெரிதும் பறிபோகிறது. 'உறைந்த தோள்' எனும் பெயரை 1934ஆம் ஆண்டில் வழங்கியவர் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குட்பட்டோரையே இது தாக்குகிறது; ஆண்களைவிடப் பெண்களை அதிகம் தாக்குகிறது; சர்க்கரை நோயாளிகளைப் பிறரைவிடப் பன்மடங்கு தாக்குகிறது. முதலில் சில மாதங்கள் இரவுறக்கத்தைப் பறிக்கும் கடும் வலி. அடுத்து வலி தணிந்து இறுக்கம் மட்டும் எஞ்சும் காலம். பின்னர் மெல்ல மெல்ல இளகும் காலம். எல்லாம் முடிய ஓராண்டிலிருந்து மூன்றாண்டுகள் ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

ஆக, எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்விக்கு, "எந்தக் கட்டத்தில், யாருக்கு?" என்று கேட்காமல் விடை கூறவே இயலாது. நம்மிடம் தீர்ப்புக் கூறிய எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

'தானாகச் சரியாகும்' என்பதை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. காத்திருப்பதும் ஒரு சிகிச்சைத் தெரிவே. மருத்துவர்களும் அதைச் சொல்வார்கள். ஆனால் 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 62 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, அவர்களில் பாதிப் பேருக்கு இலேசான வலியோ இறுக்கமோ எஞ்சியிருந்தது. பெரும்பாலோர் அதனுடன் வாழப் பழகியிருந்தனர் என்பது வேறு விஷயம். காத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் நோயாளியே என்பதால், காத்திருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.

இங்கேதான் நமது குற்றத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் மூத்த சகோதரிக்கு இடது தோளில் இதே நோய் வந்தது. தலை வார இயலவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட இயலவில்லை. கழிவறையில் தூய்மை செய்துகொள்வதே பெரும் துன்பமாயிற்று. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. இரவில் புரண்டு படுத்தால் அலறி எழுவார். நம்மிடம் வந்து, "என்ன செய்யலாம் தம்பி?" என்று கேட்டார். நோய் பாவங்களை உதிர்க்கும் என்றும், பொறுமையாளர்களுக்குக் கணக்கின்றிக் கூலி உண்டு என்றும் எடுத்துரைத்து, ஓதிய தண்ணீரைக் கொடுத்து அனுப்பினோம். நாம் சொன்ன ஒவ்வொன்றும் மார்க்கத்தில் உள்ளதே. ஆனால் அவர் கேட்டது கூலியைப் பற்றியன்று. எட்டு மாதங்கள் கழித்து, காலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறாதபோது இரத்தப் பரிசோதனை செய்தார்கள். சர்க்கரை பல காலமாக அவர் உடலில் இருந்திருக்கிறது. சிலருக்கு இந்தத் தோள் இறுக்கமே சர்க்கரை நோயை முதலில் காட்டிக் கொடுக்கும் அறிகுறியாகிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். தோள் எட்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் பொறுமை என்ற சொல்லால் மூடியிருந்தோம்.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு நபித்தோழரைப் பற்றிய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. மதரஸாவில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடம் அது. குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று அவர் உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவினார்கள். தீர்ப்பளித்தோர் கெட்டவர்கள் அல்லர், மார்க்கப் பற்றுள்ளவர்கள். காயத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இந்தச் செய்தியை தயம்மும் பாடத்தோடு நாம் முடித்துவிடுகிறோம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழியையும் நாட்டு வைத்தியர்களுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிடுகிறோம். ஒலிப்பதிவு அனுப்புகிறவருக்கும் மிம்பரில் நிற்பவருக்கும் அது பொருந்தாதா?

இரண்டாவது தீர்ப்பு முறுக்குவது. இதைச் சொல்பவர்கள் வீரத்தோடு சொல்கிறார்கள். நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. வலியின் எல்லைக்குள் மென்மையாக அசைத்துவந்தவர்களில் 89 விழுக்காட்டினர் நல்ல நிலையை எட்டினர். வலியைத் தாண்டிக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் 63 விழுக்காட்டினரே எட்டினர். வலி உச்சத்தில் இருக்கும் முதற்கட்டத்தில் எண்ணெய் தேய்த்து வெடுக்கென்று இழுத்துவிடுவது வைத்தியமன்று. எலும்பு மெலிந்த வயதான பெண்களுக்கு அவ்வாறு செய்வோரை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது.

ஹிஜாமாவைப் பற்றியும் கேட்பார்கள். நாமும் செய்துகொண்டோம், இரண்டு மூன்று நாட்கள் கழுத்துப்புறம் இலேசாக இருந்தது. அதை விரும்புகிறவர் முறையாகக் கற்றவரிடம், புதிய கத்தியும் கையுறையும் இருக்கின்றனவா என்று பார்த்துச் செய்துகொள்ளட்டும். ஆனால் சுருங்கிய மூட்டுறை தோலுக்கும் தசைக்கும் அடியில் ஆழத்தில் இருக்கிறது. இது சுன்னத்தாயிற்றே என்று சொல்லி, சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வைப்பவர் சுன்னத்துக்கு உதவி செய்யவில்லை.

இனி ஊசி. மூட்டுக்குள் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, வலி மிகுந்த தொடக்க மாதங்களில் வலியைக் குறைத்து உறக்கத்தைத் திருப்பித் தருகிறது. அதன் பலன் சில வாரங்கள் அல்லது சில மாதங்களுக்கே. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும்; அதை முன்கூட்டியே அறிந்து, நாள்தோறும் அளந்து, மருத்துவர் சொற்படி மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இறுக்கம் மட்டும் எஞ்சிய பிற்காலத்தில் அதன் பயன் குறைவு. இவ்வளவுதான் விஷயம். ஆண்டுக்கணக்கில் மாத்திரையாக உட்கொள்வதற்கும் மூட்டுக்குள் ஒருமுறை போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் 'விஷம்' என்று ஒலிப்பதிவு செய்பவர், வலியில் உறங்காத ஒருவரின் இரவுகளுக்கு மறுமையில் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கிறாரா?

எதிர்த்திசையிலும் உறுதிக்காரர்கள் உண்டு. அவர்கள் வெள்ளை அங்கி அணிந்திருக்கிறார்கள். நாம் சென்ற ஒரு தனியார் மருத்துவமனையில், சர்க்கரை எவ்வளவு என்றுகூடக் கேளாமல், அடுத்த வாரமே அறுவை செய்துவிடலாம் என்றார்கள். நான்கு நிமிடங்களில் முடிந்த ஆலோசனை அது. காப்பீடு உண்டா என்று மட்டும் மறவாமல் கேட்டார்கள். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 2020ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வை அங்கு எவரும் நமக்குச் சொல்லவில்லை. ஊசியும் முறையான பிசியோதெரபியும் ஒரு பிரிவினருக்கு; மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவது மற்றொரு பிரிவினருக்கு; நுண்துளை வழியே மூட்டுறையை வெட்டி விடுவிப்பது மூன்றாம் பிரிவினருக்கு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, எந்த ஒன்றும் மற்றவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதாக இல்லை. நுண்துளை அறுவை செய்துகொண்டோரில் மிகச் சிலருக்கே மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் அவர்களுக்கே அதிகம். பிசியோதெரபி பெற்றோரில் ஏறத்தாழ 100க்கு 15 பேருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. மயக்க நிலையில் அசைத்து விடுவதிலும் அரிதாக எலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது.

மூன்று வழிகளும் ஏறத்தாழ ஓரிடத்துக்கே கொண்டுசெல்லும் என்றால், எவ்வழியில் செல்வது என்பதை நோயாளியின் வாழ்க்கையே தீர்மானிக்க வேண்டும். சிமெண்டு மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒருவரால் ஓராண்டு காத்திருக்க இயலாது. அவர் அறுவையை நாடினால் அது தவக்குலுக்கு முரணன்று. இதயக் கோளாறு உள்ள ஒருவர் மயக்க மருந்துக்கு அஞ்சிக் காத்திருந்தால் அது கோழைத்தனமுமன்று. ஒரே நோய்க்கு இருவர் இரு வேறு முடிவுகளை எடுத்து இருவருமே சரியாக இருக்கலாம். ஃபிக்ஹில் கருத்து வேறுபாட்டை மதிக்கக் கற்ற நமக்கு இது விளங்காமற் போகலாமா?

நமது நிலையைச் சொல்கிறோம், பின்பற்றுவதற்காக அன்று. நமக்கு இப்போது இரவு வலி நின்றுவிட்டது, இறுக்கம் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1. அரசு மருத்துவமனையில் பொறுமையோடு பேசிய மருத்துவரிடம் கேட்டறிந்து, முதலில் சர்க்கரையை இறக்குவது, இயன்முறை மருத்துவரிடம் மூன்று மாதங்கள் பயிற்சி பெறுவது, முன்கை வெளிப்புறம் எவ்வளவு திரும்புகிறது என்று மாதந்தோறும் அளப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முன்னேற்றமில்லையெனில், மதரஸா விடுமுறையில் நுண்துளை அறுவையைப் பற்றி மீண்டும் பேசுவோம். அதுவரை தக்பீருக்குக் கை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவே உயரும். கைகளை உயர்த்துவது சுன்னத்து. இயலாதவருடைய தொழுகை அதனால் குறைவுபடுவதில்லை. தோளில் தட்டிய பெரியவருக்கும் இதை அன்போடு சொல்லிவிட்டோம்.

நம் சகோதரிக்கு இவ்வாண்டு மற்றொரு தோளிலும் நோய் தொடங்கிவிட்டது. ஒரு தோளில் வந்தவருக்கு மறு தோளிலும் வருவது அரிதன்று. பழையபடி நம்மிடமே வந்தார். "மருத்துவர் ஊசி போடலாம் என்கிறார். போட்டுக்கொள்ளவா தம்பி?" என்று கேட்டார். நாம் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம்: நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்? என் சர்க்கரையை இது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இது பலிக்காவிட்டால் அடுத்தது என்ன? உடன் சென்று, அறைக்கு வெளியே அமர்ந்துகொண்டோம். அவரே கேட்டார், அவரே முடிவெடுத்தார். ஊசி போட்ட மறுநாள் சர்க்கரை 310ஐத் தொட்டது. ஆறாம் நாள் பழைய அளவுக்கு இறங்கியது. அன்று சுபுஹுக்குப் பின் தொலைபேசியில் அழைத்து, பாங்கு சொல்லும்வரை தூங்கிவிட்டேன் என்றார்.