ஓடாத காரின் எண்ணெயும் கெட்டுப்போகும்

மாணவர்களே, உங்கள் குடியிருப்பில் துணி போர்த்திய கார் ஒன்று நிற்கிறதா? பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஆக இருக்கலாம். நிசான் ஸ்கைலைன், மஸ்டா ஆர்எக்ஸ்-7 என்று வேகத்திற்குப் பெயர்போன வேறு ஒன்றாகவும் இருக்கலாம். அதன் சொந்தக்காரர் அதில் வேலைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியை விலக்கித் துடைப்பார், ஸ்டார்ட் செய்வார், ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடுவார். கேட்டால், "வாரம் ஒரு தடவை எஞ்சின் சூடாகணும், இல்லேன்னா கெட்டுப்போயிரும்" என்பார். எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வருஷத்துக்கு 500 கிலோமீட்டர்கூட ஓடல, எதுக்கு மாத்தணும்?" என்று பதில் வரும்.

இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறு என்பது என் கருத்து. முதல் நம்பிக்கைதான் இரண்டாவதை மேலும் மோசமாக்குகிறது. இதைக் காட்ட மெக்கானிக் யாரும் வேண்டாம். நீங்கள் படிவம் 4, 5இல் படிக்கும் வேதியியலே போதும்.

பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. கணக்குக்காக அதை வெறும் ஆக்டேன் என்று வைத்துக்கொள்வோம். ஆக்டேன் மூலக்கூறில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது முழுமையாக எரிந்தால் 8 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் 9 மூலக்கூறு நீரும் கிடைக்கும். மோல் கணக்கில் சொன்னால், 114 கிராம் ஆக்டேன் 162 கிராம் நீரைத் தருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை ஏறத்தாழ 740 கிராம். மீதியை நீங்களே பெருக்கி வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! காலையில் கார்களின் புகைக்குழாயிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தத் தண்ணீர்தான்.

நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று கொள்வோம். ஐந்து நிமிடத்தில் 80 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் உருவாகிவிடும். பெரும்பகுதி புகையோடு வெளியேறும். ஆனால் எந்தப் பிஸ்டன் வளையமும் நூற்றுக்கு நூறு அடைப்பதில்லை. எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, எண்ணெய் இருக்கும் கிராங்க் அறைக்குள் போகிறது. அங்கே உலோகம் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் நீராவி ஒடுங்கித் துளிகளாகி எண்ணெயில் கலக்கிறது.

தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் காரிலும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே எண்ணெய் 90, 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால் தண்ணீர் மீண்டும் ஆவியாகி, காற்றோட்ட வால்வு வழியாக எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு வெளியேறிவிடுகிறது. ஐந்து நிமிட ஸ்டார்ட்டில் எண்ணெய் அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று சொந்தக்காரர் சொல்வார். அந்த முள் காட்டுவது குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை. எண்ணெய் அதைவிடத் தாமதமாகவே சூடாகும். சும்மா நிற்கும் எஞ்சினில் சுமை இல்லாததால் தாமதம் இன்னும் கூடும். ஆக, அவர் ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்க்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துணியைப் போர்த்துகிறார்!

தண்ணீர் தனியாக வருவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கணினி வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலைப் பீய்ச்சும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எண்ணெய் நீர்த்துப்போகும், அதன் பாகுநிலை குறையும். இன்னொன்று அமிலம். எரிதலின்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோலில் உள்ள சிறிதளவு கந்தகத்தின் ஆக்சைடுகளும் அந்த நீரோடு சேர்ந்தால் அமிலமாகின்றன. எண்ணெய் தயாரிப்பவர்களுக்கு இது தெரியும். அதனால் எண்ணெயில் காரத்தன்மை உள்ள சேர்க்கைப் பொருள்களைக் கலந்திருக்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்குப் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரை செய்யும் வேலையைத்தான், அதாவது நடுநிலையாக்கலை, அவை செய்கின்றன. மாத்திரை தீர்ந்துபோனால்? அமிலம் தாங்கிகளின் மேல்பூச்சில் உள்ள மென்மையான உலோகங்களை அரிக்கத் தொடங்கும். கார் அசையாமல் நிற்கும்போதும் இந்த வேலை நடக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடியிருக்காது.

"திறக்காத எண்ணெய்ப் புட்டி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. புட்டிக்குள் தண்ணீரும் இல்லை, பெட்ரோலும் இல்லை, அமிலமும் இல்லை. ஒருமுறை எஞ்சினுக்குள் போய் வேலை செய்த எண்ணெய் வேறு பொருள். எண்ணெயைக் கெடுப்பது காலம் மட்டுமல்ல, அந்தக் காலம் முழுவதும் அதனோடு கலந்து கிடக்கும் அழுக்கும்தான். இதனால்தான் கார் கையேடுகள் எண்ணெய் மாற்றத்திற்கு ஒரு தூரத்தையும் ஒரு கால அளவையும் சேர்த்தே சொல்கின்றன. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. அரிதாக ஓடும் காருக்கு எப்போதும் காலமே முதலில் வரும்.

பட்டறைக்காரர்கள் காசு பார்ப்பதற்காகச் சொல்லும் கதை இது என்ற சந்தேகமும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டப்படும் 'ஆறு மாதம்' என்ற ஸ்டிக்கர் பல கார்களுக்குத் தேவைக்கு மேல்தான். மாதம் இருமுறை அரை மணி நேரத்திற்குக் குறையாமல், எண்ணெய் நன்றாகச் சூடாகும்படி ஓட்டப்படும் காராக இருந்து, கையேடு அதைவிடக் குறைந்த காலத்தைச் சொல்லாவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பேன். நாலு லிட்டர் நல்ல எண்ணெயை வீணாக வடிப்பது சுற்றுச்சூழலுக்கும் நல்லதல்ல. ஆனால் "ஓடவே இல்லையே" என்று மூன்று ஆண்டுகள் விடுவது சிக்கனம் ஆகாது. எண்ணெயும் வடிகட்டியும் சில நூறு ரிங்கிட்டில் முடியும். எஞ்சினைப் பிரித்து வேலை செய்வது பல ஆயிரத்தில் போய் நிற்கும், அதுவும் பழைய காருக்கு உதிரிபாகம் கிடைத்தால்.

வேகக் கார்களுக்கு இந்த எச்சரிக்கை ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? டர்போ உள்ள எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது பந்துகள் அல்ல, மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். பெட்ரோல் கலந்து நீர்த்த எண்ணெயில் அந்தப் படலம் பலவீனமாக இருக்கும். வாரக்கணக்கில் நின்ற எஞ்சினில் மேல்பகுதி எண்ணெய் கீழே வடிந்தும் போயிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அக்கம்பக்கத்தார் கேட்க உறுமவிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஆர்எக்ஸ்-7இன் சுழல் எஞ்சின் இன்னும் விசேஷமானது. அதன் வடிவமைப்பே எரியறைக்குள் சிறிது எண்ணெயைச் செலுத்தி எரிக்கும்படி அமைந்தது. அந்தக் கார் வைத்திருப்பவர் எண்ணெய் அளவுக்கோலை அடிக்கடி பார்த்தே ஆகவேண்டும்.

சரி, காரை மூன்று நான்கு மாதம் நிறுத்தப்போகிறோம் என்றால் எப்போது எண்ணெய் மாற்றுவது? பலர் மறுபடி எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். நிறுத்துவதற்கு முன்பே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பழைய அமில எண்ணெய் அத்தனை மாதமும் தாங்கிகளோடு உட்கார்ந்திருக்கும். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, வடித்து, வடிகட்டியையும் மாற்றி, புதிய எண்ணெயில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துவதுதான் முறை. அதன் பிறகு ஐந்து நிமிட ஸ்டார்ட் வேண்டாம். ஓட்டினால் ஒழுங்காக ஓட்ட வேண்டும், இல்லையேல் தூங்கவிட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரிக்காகத்தான் ஸ்டார்ட் செய்கிறேன் என்பாரும் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வீட்டு வாசலில் நின்ற கார்களின் பேட்டரி ஒவ்வொன்றாகச் செத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தை ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திருப்பித் தருவது கடினம். சுவர் மின்சாரத்தில் இயங்கும் சிறிய பராமரிப்பு சார்ஜர் இதைவிட மலிவாகவும் நன்றாகவும் அந்த வேலையைச் செய்யும்.

காலத்தால் கெடுவது எஞ்சின் எண்ணெய் மட்டுமல்ல. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. நம் நாட்டு ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போது பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால், மிதி தரைவரை அமுங்கும், கார் நிற்காது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தடம் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதிலும் கண் வையுங்கள். மலேசியச் சட்டத்தில் பயன்படுத்திய மசகு எண்ணெய் அட்டவணைக் கழிவு, அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 305. வீட்டில் மாற்றுபவர் அதை வாசல் கால்வாயில் ஊற்றாமல், புட்டியில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு சோதனை. பள்ளியில் வடிதாளில் மை பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் எண்ணெயையும் பார்க்கலாம். பெரியவர் ஒருவரின் உதவியோடு, எஞ்சினை அணைத்துச் சற்று ஆறியபின், அளவுக்கோலின் நுனியிலிருந்து ஒரு துளியை வடிதாளில் விடுங்கள். தினமும் ஓடும் அப்பாவின் காரிலிருந்து ஒன்று, துணி போர்த்திய காரிலிருந்து ஒன்று. இரண்டையும் கிடையாக வைத்து ஒரு நாள் காத்திருங்கள். எண்ணெய் கறுப்பாக இருப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளமல்ல, அழுக்கைச் சுமக்கும் வேலையை அது செய்கிறது என்றும் பொருள். கறை மெல்ல மெல்ல வெளிறி விரிந்திருந்தால் அழுக்கைச் சுமக்கும் திறன் இன்னும் மிச்சமிருக்கிறது. நடுவில் கூர்மையான விளிம்போடு கரும்புள்ளி தேங்கியிருந்தால் அந்தத் திறன் தீர்ந்துவிட்டது. வெளியே அகலமான நிறமற்ற வளையம் தெரிந்தால் பெட்ரோல் கலந்திருக்கலாம். அமிலத்தை இந்தத் தாள் காட்டாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். இருந்தாலும் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, காரின் சொந்தக்காரரிடம் காட்டுங்கள்.