கார்னிஸ் ஒரு வரி, செலவு பல வரி

புதிய வீவக வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பலரும் தேடுவது புதுப்பிப்புக் குத்தகையாளரைத்தான். அவர் தரும் விலைப்பட்டியலில் ‘கார்னிஸ், வீடு முழுவதும்’ என்று ஒரே வரியில் ஒரு தொகை இருந்தால், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறையின் சுற்றளவு 14 மீட்டர். கார்னிஸ் துண்டு ஒன்று 2.4 மீட்டர் என்றால் 6 துண்டுகள் போதும் எனத் தோன்றும். மூலைகளில் சாய்வாக வெட்டும்போது வீணாவதற்கு 10 விழுக்காடு சேர்த்தால் 7 துண்டுகள் வேண்டும். பசை, பூச்சு, சாயம், ஆள்கூலி தனி. இதைக் கணக்கிட அளவுநாடா ஒன்று போதும். ஆனாலும், ‘அடிக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை அடி’ என்று கேட்கப் பலர் தயங்குகின்றனர்.

வரியும் சேர்ந்துகொள்கிறது. 2022 இறுதிவரை 7 விழுக்காடாக இருந்த பொருள், சேவை வரி 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. 40,000 வெள்ளி வேலைக்கு 2,800 வெள்ளியாக இருந்த வரி இப்போது 3,600 வெள்ளி. வரிக்குப் பதிவுசெய்த நிறுவனம் வாடிக்கையாளரிடம் சொல்லும் விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும். பதிவுசெய்யாத நிறுவனம் அதை வசூலிக்கவே கூடாது. கடைசி நேரத்தில் ‘வரி தனி’ என்பவரிடம் பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து முன்பணம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் இணங்கினால் 30,000 வெள்ளிவரை வழக்குத் தொடுக்கலாம். நிறுவனமே மூடப்பட்டுவிட்டால், சாதகமான தீர்ப்பு வந்தாலும் பணம் திரும்புவது கடினம்.