ஒரு நாளை வைத்தா ரொக்காவை எடை போடுவது?

இத்தாலியின் ஜோர்ஜியோ ரொக்காவை 'ஒலிம்பிக்கில் கோட்டை விட்டவர்' என்று சொல்லி முடித்துவிடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஸ்லாலம் பொல்லாத போட்டி. பனிச்சரிவில் நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இரண்டு தடவை இறங்க வேண்டும். ஒரு இடத்தில் பிசகினாலும் அத்தோடு சரி. அதில் 2005-06 பருவத்தின் முதல் ஐந்து உலகக் கிண்ணப் போட்டிகளையும் தொடர்ந்து வென்றவர் அவர்.

2006 டுரின் ஒலிம்பிக். சொந்த நாடு. வீரர்கள் சார்பில் சத்தியப்பிரமாணம் செய்ததும் அவரே. எவ்வளவு பாரம்! முதல் இறக்கத்திலேயே வெளியேறினார்.

பரீட்சைப் பெறுபேறு ஒன்றை வைத்தே பிள்ளையை அளக்கிற எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் கண்ணில் படும். அதே பருவத்தின் ஸ்லாலம் உலகக் கிண்ணத்தைத் தூக்கியதும் ரொக்காதான். அதை ஏன் முதலில் சொல்வதில்லை?