பாட்டு வேண்டும், பாடினவன் தெரு வேண்டாம்

பழைய பாட்டு என்றாலே ஒரு கிறக்கம். தேய்ந்த இசைத்தட்டு, கரகரக்கும் குரல், 'அந்தக் காலத்திலே' என்கிற பெருமூச்சு. இந்தக் கிறக்கத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். யாருடைய பாட்டு, பாடினவன் குடியிருந்த தெரு இப்போது என்னவாயிருக்கிறது என்று கேட்காமல் ரசிப்பதும் ஓர் அரசியல்தான். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் டூசான் என்றொரு நகரம். அந்த ஊர்ப் பாட்டின் கதை தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரிசோனா மாநிலத்தின் தென்பகுதி அது. ஓஓதம் பழங்குடி மக்களின் மண். பிறகு ஸ்பெயின், பிறகு மெக்சிகோ. 1853-இல் பேரம் பேசி, 1854-இல் 1 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கிக்கொண்டது. மண்ணோடு மனுசரும் சேர்ந்து கைமாறினார்கள். ஓஓதம் மக்களின் நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு எல்லைக்கோடு போனது. இருந்த இடத்தைவிட்டு ஒருத்தரும் நகரவில்லை. ஆனாலும் சொந்த ஊரிலேயே அந்நியர் ஆனார்கள்.

அந்த ஊரில் மெக்சிகர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பெயர் பார்ரியோ. அவர்கள் மொழியில் குடியிருப்புப் பகுதி என்றுதான் அர்த்தம். வெள்ளை அதிகாரி சொல்லும்போது நம் காதில் சேரி என்று விழும். பச்சை மண்கல்லால் கட்டின வீடுகள். மெக்சிகரோடு சீனரும் கருப்பரும் கலந்து வாழ்ந்த தெருக்கள். அங்கேதான் 1916-இல் லாலோ கெரேரோ பிறந்தார். அப்பா ரயில்வே தொழிலாளி. கிதார் சொல்லிக் கொடுத்தது அம்மா.

1940-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிசில் அவர் பதிவு செய்த பாட்டுகள்தான் எனக்கு முக்கியம். பச்சூகோ என்று பெயர் வாங்கின ஏழை மெக்சிகப் பையன்கள் நீண்ட கோட்டும் தொளதொள கால்சட்டையும் போட்டு அலைந்தார்கள். 1943-இல் அதே லாஸ் ஏஞ்சலிசில் கடற்படைச் சிப்பாய்கள் கூட்டமாக வந்து அவர்களைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்து உடையைக் கிழித்தார்கள். போலீஸ் பிடித்ததென்னவோ பெரும்பாலும் அடிபட்டவனைத்தான். அந்தப் பையன்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது, காலோ என்பார்கள். ஸ்பானியமும் ஆங்கிலமும் தெருவும் சேர்ந்த கலப்படம். வெள்ளைக்காரனுக்கு அது ரவுடி பாஷை. 'கௌரவமான' மெக்சிகருக்கும் அது அசிங்கம். அந்தப் பேச்சைத்தான் லாலோ எடுத்து ஸ்விங் தாளத்தில் போட்டு ஆட வைத்தார். மொழியைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வா, பிறகு கலை பேசலாம் என்கிறவர்களுக்கு இதைவிட என்ன பதில்? முப்பது வருசம் கழித்து, 1978-இல், 'ஜூட் சூட்' நாடகத்தில் அந்தப் பாட்டுகள் மறுபடி மேடை ஏறின. நடுவிலே, 1960-களில், திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்துக்கும் அவர் பாடினார்.

அதே 1960-களில் அவர் பிறந்த ஊரில் என்ன நடந்தது? 'நகரப் புதுப்பிப்பு' என்று பெயர் வைத்தார்கள். 1966-இல் வாக்கெடுப்பு, 1967-லிருந்து இடிப்பு. சுமார் 80 ஏக்கர். வீடு, கடை, கொட்டகை எல்லாம் மண்ணோடு மண். அந்த இடத்தில் 1971-இல் மாநாட்டு வளாகம் திறந்தார்கள். அதற்குள் ஓர் இசை அரங்கமும் எழுப்பினார்கள். 2022-இல் அந்த அரங்கத்துக்கு லிண்டா ரான்ஸ்டாட் பெயர் சூட்டினார்கள். அவரும் டூசான்காரர்தான். ஆங்கிலப் பாட்டில் புகழின் உச்சியில் இருந்தபோது, 1987-இல், தன் குடும்பத்து மெக்சிகப் பாடல்களைத் தொகுப்பாகப் பாடினவர். அமெரிக்காவில் 20 லட்சம் பிரதி விற்றது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் துணிச்சல் பெரியது. ஆனால் பார்ரியோவை இடித்த மண்மேல் நின்றுகொண்டு பார்ரியோவின் பாட்டுக்கு மரியாதை செய்கிற நகராட்சியை என்ன சொல்ல? இடிபடாமல் தப்பித்த மண்வீடுகள் இப்போது வசதிக்காரர்கள் தேடி வாங்குகிற அழகுப் பொருள்.

லாலோ சும்மா இருக்கவில்லை. காணாமல்போன தன் பழைய பார்ரியோவுக்கு ஒரு பாட்டுக் கட்டினார். அரசாங்கம் 1996-ஆம் ஆண்டுக்கான தேசியக் கலைப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. 2005-இல் இறந்துபோனார்.

டூசான் பள்ளிகளில் மரியாச்சி இசை சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வெள்ளிப் பித்தான் வைத்த உடுப்பு போட்டு வாசித்தால் கைதட்டு. ஆனால் மெக்சிக அமெரிக்கர் வரலாற்றை அதே பள்ளிகளில் பாடமாக நடத்தினபோது, 2010-இல் மாநில அரசு அதை முடக்கச் சட்டம் போட்டது. டிரம்பெட் ஊதலாம், தெரு எங்கே போச்சு என்று மட்டும் கேட்கக் கூடாது. 2011 ஏப்ரலில் மாணவர்கள் பள்ளி நிர்வாகக் குழு உட்காரும் நாற்காலிகளில் தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார்கள். அன்றைக்குக் கூட்டம் நடக்கவில்லை. 2012 ஜனவரியில் வகுப்புகளை நிறுத்தினார்கள், புத்தகங்களைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போனார்கள். இந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது இனவெறுப்புதான் என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னது 2017-இல். அதற்குள் சங்கிலி போட்ட பிள்ளைகள் பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள்.